கேட்டவர் சாட்சி

ரெயின்போ குழு 1976இல் வெளியிட்ட ‘ஸ்டார்கேசர்’ என்ற பாட்டு இசைத்தட்டில் எட்டரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும். பதிவானது மியூனிக் நகரில். அந்நகரின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவும் சேர்ந்து வாசித்திருக்கிறது. பாடியவர் ரொனி ஜேம்ஸ் டியோ. வானத்தில் பறந்து காட்டப்போவதாகச் சொல்லும் மந்திரவாதி ஒருவன் அடிமைகளை வெயிலில் வாட்டி வதைத்துக் கல்கோபுரம் கட்டுவிக்கிறான். கட்டி முடிந்ததும் உச்சியில் ஏறுகிறான். பறக்கவில்லை, விழுந்து சாகிறான். கதையைச் சொல்பவன் அந்தக் கோபுரத்துக்குக் கல் சுமந்தவன். நம்பி முதுகொடிந்த ஒருவனின் வாயால் சொல்லப்படுவதால்தான் இந்தப் பாட்டு இத்தனை ஆண்டுகளாக என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

அந்த ஆண்டு செப்டெம்பர் 25 கேள்ன், 27 டுசெல்டோர்ஃப், 28 நியூரென்பேர்க் என்று ரெயின்போ ஜேர்மனியில் சுற்றியது. அடுத்த ஆண்டு ‘ஒன் ஸ்டேஜ்’ என்ற இரட்டை இசைத்தட்டு வந்தது. ஜேர்மனியிலும் யப்பானிலும் வெவ்வேறு இரவுகளில் பதிந்தவற்றிலிருந்து பொறுக்கிச் சேர்த்தது அது. ‘ஸ்டார்கேசர்’ அதில் இல்லை. ஜேர்மனிப் பதிவுகளில் ஒரு பகுதி 1990இல்தான் வெளிவந்தது. அந்த மூன்று இரவுகளும் தனித்தனியாகக் கிடைக்க 2006 ஆயிற்று. 1990 வரை அந்தப் பாட்டு மேடையில் எப்படி எழும்பியது என்று அறிய விரும்பியவர்களுக்கு இருந்த ஒரே வழி, மேலங்கிக்குள் ஒலிப்பதிவுக் கருவியை ஒளித்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனவர்களின் கசெற்றுகள்.

அப்படியான ஒரு கசெற்றோடுதான் என் சேகரிப்புத் தொடங்கியது. டுசெல்டோர்ஃபில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்த ஜேர்மன் பெடியன் ஒருவன் தன் அண்ணனிடமிருந்து எடுத்து வந்து தந்தான். அண்ணன் அந்த 27ஆம் திகதி இரவு பிலிப்ஸ் மண்டபத்தில் இருந்தவராம். போட்டதும் முதலில் இரைச்சல். பிறகு யாரோ இருமினார்கள், யாரோ விசிலடித்தார்கள். அதற்குப் பின்னால், தூரத்தில், அந்தக் குரல்.

அந்த இருமலும் விசிலும் எனக்கு இடைஞ்சலாகத் தெரியவில்லை. காரணம் இருக்கிறது. அந்நாட்களில் எங்களுக்குக் கசெற் என்றால் கடிதம். ஊரில் அம்மா கதைத்துப் பதிந்த கசெற், கொழும்புக்கு வரும் யாராவது ஒருவர் கையில் வந்து, அங்கிருந்து தபாலில் ஏறி எங்களிடம் சேரும். அம்மா சொல்லும் செய்திகளைவிட அவவின் பின்னால் கேட்பவற்றில்தான் என் காது போய் நிற்கும். கிணற்றடியில் வாளி மோதும் சத்தம், காகம், “அக்கா, கதைச்சு முடிஞ்சுதோ?” என்று இடையில் புகும் பக்கத்து வீட்டுக்காரி. செய்தியை எழுதி அனுப்பலாம்; அந்த முற்றத்தை எழுதி அனுப்ப முடியாது. சுற்றியிருந்த எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு அம்மாவின் குரலை மட்டும் தந்திருந்தால், அது அம்மாவிடமிருந்து வந்ததென்று நான் நம்பியிருப்பேனோ தெரியாது.

டியோவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1942இல் அமெரிக்காவின் போர்ட்ஸ்மத்தில் பிறந்து, நியூயோர்க் மாநிலத்தின் கோர்ட்லண்டில் வளர்ந்தவர். இத்தாலிய வழிக் கத்தோலிக்கக் குடும்பம். சிறு வயதிலேயே டிரம்பெட் ஊதப் பழகினார். தன் குரலின் மூச்சுக்கட்டு அங்கிருந்து வந்தது என்பார். முறையாகப் பாட்டுப் படித்தவர் அல்ல. ஹெவி மெட்டல் கூட்டங்களில் சுட்டுவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டிக் காட்டுகிறார்களே, அந்தச் சைகையைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் இவர். அதைச் சாத்தானின் அடையாளம் என்று எத்தனையோ போதகர்கள் கண்டித்திருக்கிறார்கள். அவர் கற்றதோ தன் இத்தாலியப் பாட்டியிடம். தீய கண் படாமல் இருக்கப் பாட்டி காட்டிய சைகை அது. நாவூறு கழிக்க உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்துச் சுற்றிய வீட்டில் வளர்ந்த எனக்கு அந்தப் பாட்டியை விளங்கிக்கொள்வதில் சிரமமே இல்லை.

ஒரே பாட்டை அவர் இரண்டு இரவுகளில் ஒரே மாதிரிப் பாடியதில்லை. ‘கேட்ச் த ரெயின்போ’ இசைத்தட்டில் ஏழு நிமிடத்துக்கும் குறைவு. மேடையில் பதினைந்து நிமிடத்தைத் தாண்டும். கடைசிப் பகுதியில் தாளில் எழுதாத சொற்களை அந்தந்த நேரத்துக்குப் பாடிக்கொண்டு போவார். ஓர் இரவில் கெஞ்சலாக வந்த இடம் மறு இரவில் கோபமாக வரும். பாட்டு ஒன்றுதானே, எதற்கு இத்தனை பதிவுகள் என்று வீட்டில் கேட்பார்கள். அது ஒன்றுதானா என்பதே எனக்குச் சந்தேகம். இசைத்தட்டில் இருப்பதை மூலம் என்றும் மேடையில் நடந்ததைப் பிரதி என்றும் நினைத்துப் பழகிவிட்டோம். மேடையில் நடந்ததுதான் ஒவ்வொரு தரமும் மூலம்.

இந்தச் சேகரிப்பில் ஒரு நெறி இருக்கிறது. அது வெளியே அதிகம் தெரியாது. பதிவுகளை மூன்றாகப் பிரிப்போம்: மேடையின் ஒலிக்கலவைப் பலகையிலிருந்து நேராக எடுத்தது, வானொலியில் ஒலிபரப்பானதிலிருந்து பிடித்தது, பார்வையாளர் ஒருவர் இருந்த இடத்திலிருந்து பதிந்தது. பிறகு தலைமுறை. மண்டபத்தில் ஓடிய அதே கசெற் மூலப் பதிவு. அதிலிருந்து நேராக எடுத்தது முதல் தலைமுறை. அதிலிருந்து எடுத்தது இரண்டாவது. ஒவ்வொரு தலைமுறைக்கும் இரைச்சல் ஏறும், மேல்சுரங்கள் மங்கும். அதனால் பதிவைக் கொடுப்பவர் அதன் வழியையும் எழுதிக் கொடுக்க வேண்டும்: எந்த ஒலிவாங்கி, எந்தக் கருவி, யார் கையில் எத்தனையாவது பிரதி, எப்போது கணினிக்கு மாற்றியது. என்னோடு வேலை செய்த துருக்கி நாட்டவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, நபிமொழிகளையும் அப்படித்தான் சோதிப்பார்கள் என்றார். சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும் போதாது. யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற சங்கிலி அறாமல் இருக்க வேண்டும், அதில் வருபவர்கள் நம்பத்தக்கவர்களாக இருக்க வேண்டும் என்றார். அன்றுமுதல் அந்தச் சிறு குறிப்புகளை நான் வேறு கண்ணோடு வாசிக்கிறேன்.

தொண்ணூறு நிமிடக் கசெற்றில் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம். பாட்டு நீண்டுகொண்டே போகும்போது பக்கம் முடிந்துவிடும். இருட்டில், காவலர் கண்ணில் படாமல், தடவித் தடவித் திருப்பிப் போட வேண்டும். அந்தச் சில விநாடிகள் போனவைதான். பற்றறி தேய்ந்தால் நாடா மெதுவாக ஓடிப் பதியும். பிறகு சரியான வேகத்தில் போட்டால் குரல் இயல்பைவிட ஏறி ஒலிக்கும். பாட்டின் சுருதியை வைத்து அந்த வேகத்தைத் திருத்தலாம். விடுபட்ட விநாடிகளுக்கும் வழி உண்டு. அதே மண்டபத்தில் வேறொருவரும் பதிந்திருந்தால், அவர் தன் கசெற்றைத் திருப்பியது வேறொரு கணமாக இருக்கும். ஒருவர் தவறவிட்டதை மற்றவரின் நாடாவிலிருந்து எடுத்து ஒட்டுவார்கள். ஒருவரையொருவர் அறியாத இருவர், மண்டபத்தின் இரு மூலைகளில். ஒட்டிய இடத்தைக் குறிப்பில் எழுதாமல் விடுவதை எங்கள் வட்டத்தில் யாரும் மன்னிப்பதில்லை.

இந்த ஈடுபாட்டைப் பற்றி என்னிடம் நேராகக் கேட்டவர் எங்கள் ஊர் மாஸ்டர் ஒருவர். சைவ சித்தாந்தத்தை முறையாகக் கற்றவர். “தம்பி, செத்த மனிசன்ர குரலைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறாய். இது பற்று. பக்தி எண்டு பேர் வைக்காதை” என்றார். திருமுறை கண்ட கதையையும் எடுத்துச் சொன்னார். தேவார ஏடுகள் தில்லையில் பூட்டிக் கிடந்தன. கதவைத் திறந்தால் புற்று மூடியிருந்தது. அரசன் எண்ணெய் சொரிந்து எடுத்துப் பார்த்தால் பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது. இராசராசன் என்று மரபு சொல்லும் அந்த அரசன் கலங்கி நின்றபோது, இக்காலத்துக்கு வேண்டிய அளவு வைக்கப்பட்டிருக்கிறது என்று ஓர் அசரீரி சொன்னதாம். “எஞ்சினது போதும் எண்டு ஈசனே சொல்லிப்போட்டார். நீ யார் மிச்சத்தைத் தேட?” என்பது மாஸ்டரின் கேள்வி.

அந்தக் கேள்வியை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் அலுமாரியைப் பார்த்தால் யாருக்கும் அது பற்று என்றுதான் தோன்றும். ஆனால் கதை அசரீரியோடு முடியவில்லையே. ஏடு கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. சொற்கள் இருந்தன, எப்படிப் பாடுவது என்பது போய்விட்டது. போதும் என்று கேட்ட அதே ஆட்கள் அதற்குப் பிறகு திருஎருக்கத்தம்புலியூருக்குப் போனார்கள். சம்பந்தரோடு யாழ் வாசித்துத் திரிந்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் வழியில் வந்த ஒரு பெண்ணைத் தேடிக் கண்டார்கள். அவள் பாடிக் காட்டிய முறையை வைத்துப் பண் வகுத்தார்கள். அதற்கு வழி காட்டியதும் இறைவன் திருவருள்தான் என்று அதே கதை சொல்கிறது. அப்படியானால் சொல் மட்டும் போதாது என்பதும் அந்த மரபின் தீர்ப்புத்தான். கேட்ட காதுகளின் தொடரில் கடைசியாக நின்ற ஒருத்தியிடம் அவர்கள் போய் நின்றார்கள். மாஸ்டர் இதை மறுக்கவில்லை. தேவாரமும் இதுவும் ஒன்றா என்று மட்டும் கேட்டார். ஒன்றென்று நான் சொல்லவில்லை. பாடப்பட்டது காற்றோடு போகும், கேட்டவர்கள் வழியாக மட்டுமே அது தங்கும் என்பது இரண்டுக்கும் பொது என்றுதான் சொல்கிறேன்.

கேள்னில் இருக்கும்போதெல்லாம் பேராலயத்துக்குள் போய்வருவேன். மூன்று அரசர்களின் எலும்புகள் என்று போற்றப்படுபவை அங்கே பொன்பேழையில் இருக்கின்றன. 1164இல் மிலானிலிருந்து கொண்டுவரப்பட்டவை. அவற்றைப் பார்க்க நூற்றாண்டுக் கணக்காக யாத்திரிகர்கள் நடந்து வந்திருக்கிறார்கள். கத்தோலிக்க வழக்கில் திருப்பண்டங்களையும் வகுத்து வைத்திருந்தார்கள்: புனிதரின் உடலின் பகுதி முதல் வகை, அவர் உடுத்தியதும் பாவித்ததும் இரண்டாம் வகை, அவற்றில் தொட்டெடுத்த துணி மூன்றாம் வகை. முதன்முதலில் இதை வாசித்தபோது எங்கள் தலைமுறைக் கணக்குத்தான் நினைவுக்கு வந்தது. 1983இன் திருச்சபைச் சட்டத்தில், 1190ஆம் பிரிவில், திருப்பண்டங்களை விற்பது அறவே தடை. எங்களிடமும் அப்படித்தான். பதிவை விற்பவனை வட்டத்தில் வைத்திருக்க மாட்டோம். மாற்றிக்கொள்ளலாம். கொடுக்க எதுவுமில்லாத புதியவர் வெறும் கசெற்றும் திருப்பி அனுப்பும் தபால் செலவும் அனுப்பினால் போதும், பதிந்து அனுப்புவோம். ஒரு நிகழ்ச்சி முறையாக வெளியானால் அதன் பதிவைச் சுற்றில் விடுவதை நிறுத்திவிட்டு, கடையில் வாங்கச் சொல்வோம். இசைத்தட்டாக அச்சடித்துக் காசு பார்த்தவர்களும் இருந்தார்கள்தான். அவர்கள் சுமந்ததும் இதே குரல்தான் என்றாலும் அவர்களை எனக்கு மதிக்க முடியவில்லை. தான் பாடாத ஒன்றை, தனக்கு இலவசமாகக் கிடைத்த ஒன்றை, விலை வைத்து நிறுத்துகிறவன் அந்தச் சங்கிலியை அறுக்கிறான்.

பிரதி என்பதாலேயே ஒன்று தாழ்ந்ததா? இதற்கு நான் கண்ட பதில் கெவலாரில் இருக்கிறது. ஜேர்மனியிலும் சுற்று நாடுகளிலும் வாழும் தமிழர்கள் ஓகஸ்ட் மாதத்தில் கெவலார் மாதாவிடம் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். பாதிப்பேர் என்னைப் போன்ற சைவர்கள். மெழுகுதிரி ஏற்றி, சேலை வேட்டியோடு வரிசையில் நின்று நாங்கள் வணங்குவது பெரிய சிலையை அல்ல. உள்ளங்கை அளவுத் தாளில் அச்சான ஒரு படம். லக்சம்பேர்க்கில் உள்ள மாதா சிலையைப் பார்த்துச் செதுக்கிய செப்புத்தகட்டில் அச்சிட்டது. அக்காலத்தில் மலிவாகக் கைமாறிய தாள். 1641ஆம் ஆண்டின் கடைசியில் ஹென்ட்ரிக் புஸ்மன் என்ற சிறு வியாபாரி, வழியோரச் சிலுவையடியில், இங்கே எனக்கொரு சிற்றாலயம் கட்டு என்ற குரலைக் கேட்டார் என்கிறார்கள். ஒரு தரமல்ல, மூன்று தரம், வெவ்வேறு நாட்களில். அவருடைய மனைவிக்கு இரவில் ஒளியினூடே அந்தப் படம் தெரிந்தது. படையாள் ஒருவரிடமிருந்த தாளைத் தேடி வாங்கினார்கள். 1642 ஜூன் 1இல் அது அங்கே வைக்கப்பட்டது.

அந்தக் குரலுக்குப் பதிவில்லை. கேட்டவரின் வாய்ச்சொல் மட்டும் இருக்கிறது. இருக்கும் படமும் பிரதியின் பிரதி. ஆனாலும் அந்தத் தாளின் முன்னால் நின்று அழுத எங்கள் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். காணாமல் போன பிள்ளைகளின் பெயரைச் சொல்லி அழுதவர்கள். மூலச் சிலை லக்சம்பேர்க்கில் இருக்கிறது, இது அச்சு என்று அவர்களிடம் போய்ச் சொல்வதில் என்ன பொருள்? ஒரு மனிதர் கேட்டார், அதை நம்பி ஒரு காரியம் செய்தார், அந்தக் காரியம் நின்று நிலைத்தது. அங்கே வணக்கத்துக்கு உரியதாக ஆகியிருப்பது தாள் மட்டுமல்ல, அந்தக் கேட்டலும்தான்.

முறையாக வெளிவரும் நேரடிப் பதிவுகளும் கைபடாதவை என்று யாரும் எண்ண வேண்டாம். பிளாக் சபாத்தில் டியோ இருந்தபோது 1982இல் பதிந்த ‘லைவ் ஈவில்’ இசைத்தட்டைக் கலந்து சமன்செய்யும் வேளையில்தான் குழுவுக்குள் சண்டை மூண்டது. முடிவில் டியோவும் மேளகாரர் வின்னி அப்பிஸும் விலகினார்கள். குரல் எவ்வளவு, கித்தார் எவ்வளவு என்பது ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவர்களின் தீர்மானம். மண்டபத்தின் இருபதாம் வரிசையில் பதிந்த கசெற்றில் அப்படியான தீர்மானம் எதுவும் இல்லை. அங்கே எவ்வளவு கேட்டதோ அவ்வளவுதான்.

இனி, என்னை நிம்மதியிழக்கச் செய்த ஒன்றைச் சொல்கிறேன். 2016 ஓகஸ்டில், ஜேர்மனியின் வாக்கன் திருவிழாவில், டியோ இறந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின், ஒளியால் ஆன அவருடைய உருவத்தை மேடையேற்றினார்கள். உயிருள்ள வாத்தியக்காரர்கள் சுற்றி நின்று வாசிக்க, நடுவில் ஹோலோகிராம் அசைந்தது. குரல் அவருடைய பழைய நேரடிப் பதிவுகளிலிருந்து எடுத்தது. 2017இல் ஐரோப்பாவிலும் 2019இல் அமெரிக்காவிலும் அது சுற்றுப்பயணம் போனது. அவருடைய மனைவி வெண்டி டியோ இதை விரும்பிச் செய்வித்தார். அந்த அம்மாவின் துக்கத்தை அளக்க எனக்கு உரிமையில்லை. பார்த்து ஆறுதலடைந்தவர்களையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு அது ஒப்பவில்லை. உருவ வழிபாட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். உருவம் என்பதற்காக நான் அதை மறுக்கவில்லை. எங்கள் கோயிலில் கும்பத்தில் இறைவனை எழுந்தருளச் செய்வதற்கும் முறை உண்டு, பூசை முடிந்து வழியனுப்பவும் முறை உண்டு. செம்பும் நீரும் மாவிலையும் தேங்காயும் என்று எல்லாரும் அறிவோம்; அறிந்துகொண்டேதான் வணங்குகிறோம். ஹோலோகிராமோ அவர் வந்துவிட்டார் என்று சொல்கிறது. வழியனுப்புதல் அதற்கு இல்லை. ஒரு நாள் ஓர் ஊரில் ஒரு கூட்டத்துக்காக எழும்பிய குரலை அந்த ஊரிலிருந்தும் அந்தக் கூட்டத்திலிருந்தும் பிரித்து, இன்னொரு இரவுக்கு ஒட்டுகிறது. நாங்கள் ஒட்டுவோம், ஆனால் எங்கே ஒட்டினோம் என்று எழுதுவோம். ‘ஸ்டார்கேசர்’ பாட்டில் கோபுரத்தின் அடியில் நின்றவர்கள் மேலே பார்த்தது நினைவுக்கு வருகிறது. பறக்கிறான் என்று நம்பவைக்கும் காட்சிகளைப் பற்றி அந்த மனிதரே பாடி வைத்திருக்கிறார்.

கசெற் அவர் வந்துவிட்டார் என்று சொல்லாது. நான் அங்கே இருந்தேன், எனக்குக் கேட்டது இவ்வளவு, இடையில் பக்கம் மாற்றும்போது சிறிது போய்விட்டது என்று சொல்லும். அந்த நேர்மையில்தான் எனக்குப் பற்று. மாஸ்டர் அதைப் பற்று என்றே சொல்லட்டும்.

டியோ கடைசியாக மேடையில் பாடியது 2009 ஓகஸ்ட் 29இல், அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில், ‘ஹெவன் அண்ட் ஹெல்’ குழுவோடு. நவம்பரில் வயிற்றில் புற்றுநோய் என்று தெரியவந்தது. 2010 மே 16இல் ஹூஸ்டனில் இறந்தார். அந்த அட்லாண்டிக் சிட்டி இரவைப் பார்வையாளர்கள் பதிந்திருக்கிறார்கள். அதைக் கேட்கும்போது பாடுகிறவருக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும். அது ஒரு பாரம். குரலில் களைப்பு கேட்கிறதா, விடைபெறுகிற தொனி இருக்கிறதா என்று காது தேடத் தொடங்கிவிடும்; தேடினால் இல்லாததும் கேட்கும். அதனால் அந்தப் பதிவை யாருக்காவது கொடுக்கும்போது ‘கடைசி நிகழ்ச்சி’ என்று நான் எழுதுவதில்லை. ஊர், மண்டபம், திகதி, கருவி, எத்தனையாவது பிரதி என்பவை மட்டும். பதிந்தவருக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தது அவ்வளவுதான்.